வெற்றுக்குழாய்

போயா விடுமுறை. பரமேஸ்வராச் சந்தியில்
தேத்தண்ணிக் கடைகூடப் பாதிக் கதவுதான்.
காவலாளி பதிவுப் புத்தகத்தை நீட்டி
"இண்டைக்குமோ மிஸ்?" என்றார்.
இன்றைக்குத்தான்.
நிலாவின் பேரை வைத்துக்கொண்ட தனிமத்துக்கு
முழுநிலாவன்று எப்படி லீவு கொடுப்பது?

குருநகரில் விடியக்காலை வாங்கிய ஓரா மீன்
முள்ளும் தோலும் நீங்கி, உறைந்து, உலர்ந்து
போத்தலுக்குள் மாவாய்க் கிடக்கிறது.
அதற்குள் எங்கோ, ஒரு புரதத்தின் மடிப்பில்,
கந்தகம் இருக்கவேண்டிய கதிரையில்
செலீனியம் குந்தியிருக்கிறது.
அதை உடையாமல் எழுப்பிக் கூட்டிவருவது என் வேலை.

அமிலத்தில் கொதிக்கவைத்தால் மற்றவை
பெரும்பாலும் ஒழுங்காய் இறங்கி வரும்.
இது வழியிலேயே சிதைந்துபோகும்.
ஆகவே நொதி. முப்பத்தேழு பாகை.
ஓர் இரவு முழுக்க மெல்லக் கடிக்கட்டும்.
காற்றுப் பட்டாலும் கெடும், ஆகவே நைதரசன்.
சிலிண்டரின் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது,
கொழும்பிலிருந்து அடுத்தது வர மூன்று கிழமை.
குமிழி குமிழியாய் எண்ணி விடுகிறேன்,
இருபத்தெட்டாம் திகதிக் காசைப் போல.

பீஎச் ஐந்தரையில்
கந்தகம் இன்னும் போர்வைக்குள் புரண்டுகொண்டிருக்கும்.
செலீனியம் எழும்பி வாசலுக்கு வந்துவிடும்.
அந்தச் சின்ன இடைவெளியில்
அயடோஅசற்றமைட்டை ஊற்றி
அதன் தலையில் ஒரு தொப்பி மாட்டிவிட வேண்டும்.
தொப்பி போட்டது பிறகு எதோடும் சேராது.

போன மாசம் இதே மேசையில்தான் அந்த வெட்கக்கேடு.
வெற்றுக்குழாய்.
மீன் இல்லை, மா இல்லை,
அமிலமும் நீரும் சாயமும் மட்டும்.
அது ஒளிர்ந்தது.
அமிலத்தை மாற்றினோம். ஒளிர்ந்தது.
கண்ணாடியை மூன்றுதரம் ஊறப்போட்டோம். ஒளிர்ந்தது.
கிணற்றில்தான் பிழை என்றான் கிருபாநிதி.
கிணற்றைச் சோதித்தோம், பாவம், அது சுத்தம்.
பதினேழாம் நாள் பின்னேரம்
மின்விசிறிக்குக் கீழே நின்று நான் தலை சொறிந்ததை
அனிஸ்ரா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.
"அக்கா, என்ன ஷாம்பு போடுறீங்கள்?"

பொடுகுக்கான போத்தல்.
லேபிளின் மூலையில், எறும்பு எழுத்தில்,
செலீனியம் சல்பைட்டு.
உவர்த்தண்ணியில் வெடித்த என் தலை
ஒரு முழு அத்தியாயத்துக்குள் உதிர்ந்திருக்கிறது.
சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது,
பிறகு இரண்டு மாதத் தரவைக் குறுக்கே கோடிழுத்தபோது
சிரிப்பில்லாமலும் கொஞ்சம் வந்தது.

இப்போது எனக்கும் தொப்பி.

நொதி கடிக்கும் நேரத்தில் முன்னுரையைத் தட்டச்சுகிறேன்.
யூ, ஜீ, ஏ. மூன்று எழுத்து.
புரதம் கோர்க்கும் இயந்திரத்துக்கு அதன் பொருள் 'நில்'.
ஆனால் அதே இழை, தூரத்தில்,
ஒரு கொண்டையூசி போல மடிந்து கிடந்தால்
நிற்காது. செலீனோசிஸ்ரீனை ஏற்றிக்கொண்டு
மேலே போகும்.
இந்த வசனத்தில் எப்போதும் எனக்குக் கை தாமதிக்கும்.
'நில்' என்ற பலகைக்கு முன்னால் பஸ்ஸிலிருந்து இறங்கி
அடையாள அட்டையோடு நடந்த வயது எனக்கு.
அந்தச் சொல்லுக்கு வேறொரு வாசிப்பு உண்டென்று
அப்போது எந்த இழையும் மடிந்து காட்டவில்லை.
முன்னுரைக்கு இது தேவையில்லை. அழித்தேன்.

ஏழு நாற்பதுக்குக் கறண்ட் போனது.
சாயம் செலீனியத்தைப் பிடிப்பதற்கு
எப்படியும் இருட்டு வேணும், பரவாயில்லை.
ஜெனரேற்றர் இருமி இருமிப் பிடிக்கும்வரை
யன்னலோரம் குழாய்களோடு இருந்தேன்.
வெளியே அது, தன் பாட்டில், பெரிசாய்.
அதைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம் என்பது
கொஞ்சம் எரிச்சலாய்த்தான் இருந்தது.

கருவி சூடேற இருபது நிமிஷம்.
முதலில் வெற்றுக்குழாய்.
பூச்சியம் இல்லை. பூச்சியம் ஒருநாளும் வராது.
கண்டறியும் எல்லைக்குக் கீழே.
நேரம் போட்டு, பேர் போட்டு,
மீனை எடுத்தேன்.